ஆளுமைக் கோளாறு மாறாது என்பது தவறு

"ஆளுமைக் கோளாறு பிறவிக் குணம், சாகும்வரை மாறாது, மருந்தும் கிடையாது, அப்படிப்பட்டவர்களை விட்டு விலகுங்கள்" என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். பெங்களூர் அல்சூரில் என் தங்கையோடு ஒரே வீட்டில் வாழ்கிறவள் நான். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

அவளுக்கு இருப்பது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு; உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்கி, உறவுகளையும் குலைக்கும் மனநலச் சிக்கல் அது. இதற்கென்று தனி மாத்திரை இல்லை என்பது மட்டும் உண்மை. அதனால் சிகிச்சையே இல்லை என்று ஆகிவிடாது. இதில் முதன்மையானது பேச்சுவழிச் சிகிச்சை. அதில் பெயர்பெற்றது டி.பி.டி., பொங்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் முறை. அதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், இளவயதில் கடும் மனவேதனையோடு மருத்துவமனையில் கிடந்தவர். 2011இல் அவரே அதை வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்காவில் ஆய்வாளர் மேரி சனாரினியின் குழு இந்தக் கோளாறு உள்ள 290 நோயாளிகளைப் பத்தாண்டுகள் கவனித்தது. 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் தணிந்தன. அந்தத் தணிவு குறைந்தது 2 ஆண்டுகள் நீடித்தது. வேலை, உறவு என்று முழுதாக நிமிர்ந்தவர்கள் பாதிப்பேர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முன்பு கோபம் வந்தால் எங்கள் வீட்டுக் கதவுகள் அதிரும். இப்போது தங்கை சமையலறைக்குப் போய், பாத்திரத்தில் குளிர்ந்த நீர் நிரப்பி, மூச்சைப் பிடித்து முகத்தை அதில் அமிழ்த்துகிறாள். டி.பி.டி.யில் கற்றது அது. ஈர முகத்தோடு வந்து, "அக்கா, பத்து நிமிடம் கழித்துப் பேசலாமா?" என்கிறாள். நடிக்கிறாள் என்று அவளை ஒருகாலத்தில் திட்டியவள் நான். அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

விலகச் சொல்வதற்கு முன் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுங்கள், அது அரசின் மனநல உதவித் தொலைபேசி. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.