டைட்டானிக் பக்கத்துல சாம்சன் இருந்துச்சா?

டைட்டானிக் மூழ்கினப்போ கிட்ட சாம்சன், கலிஃபோர்னியன், கார்பேத்தியான்னு மூணு கப்பல் இருந்துச்சு, அதுல சாம்சன் 7 மைல்லயே இருந்தும் திருட்டுத்தனமா சீல் வேட்டையாடினதால மாட்டிப்போம்னு ஓடிருச்சுன்னு ஒரு ஃபார்வர்டு வருஷக்கணக்கா சுத்துது. சாம்சன் நிஜக் கப்பல்தான், அதுல இருந்த ஹென்ரிக் நேஸ்ங்கிற நார்வேக்காரர் சொன்னதா வந்த கதை இது, ஆனா 1912 ஏப்ரல் 6ம் தேதியும் 20ம் தேதியும் அது ஐஸ்லாந்து துறைமுகத்துல நின்னதா ரெக்கார்டு இருக்கு, அந்த ஆமை வேகக் கப்பல் நடுவுல டைட்டானிக் மூழ்கின இடம் வரைக்கும் அவ்ளோ தூரம் போய்ட்டு வர சான்ஸே இல்ல.

ரெண்டாவது கப்பலான கலிஃபோர்னியன் மேட்டர் உண்மைதான். டைட்டானிக் உதவி கேட்டு விட்ட வெள்ளை ராக்கெட்டைப் பாத்து அதோட கேப்டன் லார்டுக்கு கப்பலுக்குள்ள பேசுற குழாய் வழியா சொல்லிருக்காங்க, மனுஷன் எந்திரிச்சே வரல. வயர்லெஸ்காரர் அதுக்கு முன்னாடியே தூங்கப் போயாச்சு, அவரையாவது எழுப்பிருக்கலாம்ல?

மூணாவது கப்பலான கார்பேத்தியாவோட கேப்டன் ராஸ்ட்ரான் ஹீட்டரை கூட ஆஃப் பண்ணி நீராவி மொத்தத்தையும் இன்ஜினுக்கே குடுத்து வந்து 700 பேருக்கு மேல காப்பாத்தினாரு.