9எச் என்பது பென்சில் கணக்கு

காரின் பெயிண்ட் மேல் பூசும் செராமிக் கோட்டிங் 9எச், வைரத்துக்கு அடுத்த கடினம், கீறலே விழாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை நண்பரே. வைரம் 10 என்பது கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோல். இந்த 9எச், வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களால் பூச்சைக் கீறிப் பார்க்கும் சோதனையில் வருவது; அதில் மிகக் கடினமான பென்சில்தான் 9எச். அந்தப் பென்சிலால் தேய்த்தால் கீறாது, அவ்வளவுதான். பூச்சின் கனமே ஓரிரு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துணியில் சிக்கிய மணல் அதைக் கீறிவிடும். என் கறுப்பு காரில் கோட்டிங் போட்ட இரண்டே மாதத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், பானட் முழுக்கச் சிலந்தி வலை போலக் கோடுகள். தூசியோடு காய்ந்த துணியால் துடைத்ததுதான் காரணம். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் போகும்; அதற்காகத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் கழுவும்போது ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி கட்டாயம் வையுங்கள். அப்புறம், பறவை எச்சத்தை அன்றே ஊறவைத்து எடுத்துவிடுங்கள். கோட்டிங் இருந்தாலும் தடம் பதியும்.