வெளிநாடு போவதால் மறதி நோய் வருமா?

பெற்றோரைப் பிள்ளைகளோடு வெளிநாட்டுக்கு அழைத்துப் போனால் டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்துவிடும், இது ஆய்வில் நிரூபணமானது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் தகவல் சரியல்ல.

லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் பாருங்கள். நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளை அதில் ஓர் அட்டவணையாகவே கொடுத்திருக்கிறார்கள். காது கேளாமை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் உண்டு. புலம்பெயர்வு அதில் இல்லை. ஆளோடு ஆள் பழகாத தனிமை இருக்கிறது. அதுவும் வாய்ப்பைக் கூட்டும் என்றுதான் சொல்கிறார்கள், கட்டாயம் வரும் என்றல்ல.

சேலம் அம்மாபேட்டையில் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்தால் நாலு பேர் நின்று பேசிவிட்டுப் போவார்கள். அமெரிக்காவில் பகலெல்லாம் பூட்டிய வீடு என்றால் அந்தப் பேச்சு அறுந்துபோகிறது. அங்கேயும் கோயில், பூங்கா, பக்கத்து வீட்டுத் தமிழர் என்று பழக்கம் அமைந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரில் இருக்க, இங்கே சேலத்திலேயே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் பேச ஆளில்லாமல் தனியாக இருப்பவர்களும் உண்டு. அதனால் விசாவைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், அப்பா அம்மா இன்று யாரோடு பேசினார்கள் என்று கேளுங்கள்.