'பேசும் படம்' பற்றிச் சுற்றும் தவறான தகவல்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "'பேசும் படம்'தான் இந்தியாவின் முதல் ஊமைப்படம், இயக்கியவர் கமல்."

இரண்டுமே தவறு. இந்தியாவின் முதல் முழுநீள ஊமைப்படம் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா', 1913. 'பேசும் படம்' வந்தது 1987-இல். கமல் நடித்தார், இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ். அதில் வசனம்தான் இல்லை, சத்தம் ஏராளம். சினிமாக் கொட்டகைப் பக்கத்தில் குடியிருந்து பழகியதால், அங்கே ஓடும் படத்தின் சண்டைக் கூச்சலை டேப்பில் போட்டால்தான் கதாநாயகனுக்குத் தூக்கமே வரும்!

'மாயாபஜார்' காலத்தில் அதன் இயக்குநர் கே.வி.ரெட்டியிடம் தொழில் கற்றவர் சிங்கீதம். 'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காமராஜன்' இரண்டையும் இயக்கியவரும் அவரே. அதையும் கமல் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், பாவம் மனிதர். சரி, கமலே இல்லாமல் என்ன செய்தார் என்பவர்களுக்கு: தெலுங்கில் 1991-இல் வந்த கால இயந்திரக் கதை, 'ஆதித்யா 369'.