பாதை புதியது, இறக்கம் பழையது
இஸ்ரேலில் நாசரேத்திலிருந்து கப்பர்நகூம் வரை நான்கு நாள் நடந்த மாணவர் ஒருவர், தன் கட்டுரையில் "இயேசு நடந்த அதே பாதை" என்கிறார். அங்கேதான் இடிக்கிறது. அந்த 65 கிலோமீட்டர் வழி 2007 வாக்கில் குறிக்கப்பட்டது. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா எது என்பதிலேயே தகராறு: பாதை போவது கஃப்ர் கன்னா வழியாக, அகழாய்வாளர்கள் பலர் காட்டுவதோ கிர்பெத் கானா மேட்டை. அதற்காக, நடந்ததே வீண் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருப்பதை ஏற்க மாட்டேன். இஸ்ரேலில் படித்தபோது நானும் நடந்தேன். வழியிலுள்ள அர்பேல் மலைச் செங்குத்தில் முழங்கால் கழன்றுவிடும் போல இறங்கியபோதுதான், யோவான் சுவிசேஷம் 2:12-இன் கிரேக்க மூலத்தில் கப்பர்நகூமுக்கு 'இறங்கிப் போனார்' என்று ஏன் இருக்கிறது என்பது உறைத்தது. அந்த ஊர் கலிலேயாக் கடலின் கரையில்; அதுவோ கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அப்புறம், கோடையில் போகிறவர்கள் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது சுமக்கணும். கட்டுரையில் அதைச் சொல்லவே இல்லை.