அந்தக் கேசட்டை உங்களுக்குப் பதிந்து கொடுத்தது யார்?

இந்த வாரம் முகநூலைத் திறந்தாலே ‘எனக்குப் பிடித்த பத்து ராக் பாடல்கள்’ பட்டியல்தான். ஒன்று விடாமல் படிக்கிறேன். பாதிக்கு மேல் எனக்கும் உயிரான பாட்டுகள். ஆனால் எல்லாப் பட்டியலிலும் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. அந்தப் பாட்டு உங்கள் கைக்கு எப்படி வந்தது?

எண்பதுகளின் சென்னையில் சினிமாப் பாட்டு நம்மைத் தேடி வரும். டீக்கடை, பஸ், கல்யாண வீட்டு ஸ்பீக்கர் என்று எங்கே போனாலும் காதில் விழும். மேற்கத்திய ராக் இசை அப்படி விழாது. யாராவது ஒருத்தர் கூப்பிட்டு உட்காரவைத்து, “இதக் கேளு” என்று போட்டுக் காட்டியிருக்க வேண்டும். அந்த ஆளைச் சொல்லாமல் பாட்டை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எனக்கு அந்த ஆள், பெரம்பூரில் எதிர்வீட்டு அங்கிள். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் டேப் ரெக்கார்டரை வாசல் பக்கம் தூக்கிவந்து வைப்பார். அவர் வைத்திருந்த ஒரு டிடிகே 90 நிமிஷக் கேசட்தான் என் பள்ளிக்கூடம். ஒரு பக்கம் பிங்க் ஃபிளாய்டு என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பம், 1975. மறுபக்கம் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற இன்னொரு இங்கிலாந்துக் குழுவின் முதல் ஆல்பம், 1978. பிங்க் ஃபிளாய்டு ஆல்பம் 44 நிமிஷம், கேசட்டின் ஒரு பக்கம் 45. கடைசிப் பாட்டு அடங்கி, கொஞ்ச நேரம் வெறும் உஸ்ஸென்ற சத்தம் ஓடி, பட்டன் டக்கென்று எழும்பும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. “அவசரப்படாத மேன்” என்பார்.

அந்த ஆல்பத்தின் பெயரிலேயே இருக்கும் பாட்டின் தொடக்கத்தைக் கேட்டிருப்பீர்கள். யாரோ ரேடியோவைத் திருப்பிக்கொண்டே போகிறார்கள். பேச்சு, கரகரப்பு, நடுவில் ஒரு நொடி ஆர்க்கெஸ்ட்ரா. பிறகு அந்த ரேடியோவுக்குள்ளிருந்தே வருவதுபோல் மெலிசாக ஒரு பன்னிரண்டு கம்பி கிடார். குழுவின் கிடார் கலைஞர் டேவிட் கில்மோரின் கார் ரேடியோவிலிருந்து பதிந்த சத்தம் அது. இலங்கை வானொலிக்காக முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பழகிய எங்கள் வீட்டுக்கு அது அந்நியமாகவே இல்லை. இங்கிலீஷ் பாட்டு என்றாலே நகர்ந்துவிடும் அப்பாகூட அந்த இடத்தில் நின்று கேட்பார். அடுத்த கிடார் சேர்வதற்குச் சற்று முன் ஓர் இருமல் கேட்கும், கவனித்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் அதற்கு ‘அங்கிள் இருமல்’ என்றே பெயர்.

அந்த ஆல்பத்தின் உயிர் சிட் பாரெட். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், மனநிலை குலைந்து 1968இல் விலகியவர். 1975 ஜூனில், அவரைப் பற்றிய பாட்டையே அபே ரோடு ஸ்டுடியோவில் முடித்துக்கொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு, உடம்பு பெருத்துப்போய், சொல்லாமல் வந்து நின்றார். கூடவே வாசித்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. இதை முதன்முதலில் அங்கிள் சொல்லித்தான் கேட்டேன். ஏதோ சொந்தக்காரருக்கு நடந்ததுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

அந்த வருஷங்களில் பெரம்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் வீடும் கிளம்பியது. கட்டில், பீரோ, தையல் மெஷின் எல்லாம் விலைக்குப் போயின. கேசட் என் கைக்கு வந்தது. உள்ளே இருந்த அட்டையில் பாட்டுப் பெயர்களை நீல பால்பாயின்ட் பேனாவில் பெரிய எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே, தனியாக ஒரு வரி: ஹெட்டை க்ளீன் பண்ணிட்டுப் போடு.

கேசட்டின் மறுபக்கத்தை, டயர் ஸ்ட்ரெய்ட்ஸை, எனக்குத் திறந்துவிட்டவர் கிடார் மாஸ்டர். பகலில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை, ராத்திரியில் மெல்லிசைக் குழு. அந்தப் பக்கத்தில் வரும் ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டதற்கு, முதலில் அது எதைப் பற்றிய பாட்டு என்று சொன்னார். ஆளில்லாத ஒரு பப்பில் ஒரு ஜாஸ் குழு வாசிப்பதைப் பார்த்து டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் பாடகர் மார்க் நாஃப்ளர் எழுதியது. அதில் வரும் ஹாரிக்குப் பகலில் ஒரு வேலை உண்டு. பெரிய ஆளாக வராவிட்டாலும் அவனுக்குக் கவலையில்லை, வெள்ளிக்கிழமை ராத்திரிக்காக எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறான். “இது எங்க கதைப்பா” என்றார் மாஸ்டர். ரிசப்ஷனில் பந்தி ஆரம்பித்தால் ஹால் காலியாகிவிடும். முன்வரிசையில் தூங்கும் குழந்தைகளும் கவர் எழுதும் பெரியவரும்தான் மிச்சம். அப்போதும் அவர் ‘இளைய நிலா’வின் கிடாரில் ஒரு சுரத்தைக்கூட விழுங்க மாட்டார். நான் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் ‘இதெல்லாம் பீட்டர் மியூசிக், நம்ம ஊருக்கு ஒட்டாது’ என்று யாராவது எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. எனக்கு ராக் கொடுத்தவர்கள் ஒரு ஃபிட்டரும் ஒரு கோச் ஃபேக்டரித் தொழிலாளியும். ஏ.ஆர்.ரஹ்மான் சினிமாவுக்கு வருவதற்கு முன் இதே ஊரில் ‘ரூட்ஸ்’ குழுவில் டிரம்மர் சிவமணியோடு கீபோர்டு வாசித்தவர், ‘நெமிஸிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவைத் தொடங்கியவர். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடை ஏறியபோது கானாவும் எலெக்ட்ரிக் கிடாரும் ஒன்றாகத்தான் ஒலித்தன. ஒட்டாது என்பவர்கள் எந்த ஊரைச் சொல்கிறார்கள்?

இன்னொரு பாட்டு. சிசிஆர் என்கிற கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல், அமெரிக்க ராக் குழு, அவர்களின் ‘ஹேவ் யூ எவர் சீன் தி ரெய்ன்’. எத்தனையோ முறை கேட்டும் மனசில் நிற்காத பாட்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாஃபர்கான்பேட்டையில் எங்கள் பிளாட் முழுக்க மொட்டைமாடியில் இருந்தோம். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, கீழே அடையாறு. தரைத்தளத்துப் பையன் சர்டிஃபிகேட் ஃபைலோடு கிடாரையும் தூக்கிக்கொண்டு மேலே வந்திருந்தான். ராத்திரி மெதுவாக அதை வாசித்தான். குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தன. அது மழையைப் பற்றிய பாட்டே இல்லை என்று அவனிடம் சொன்னேன். புகழின் உச்சியில் குழுவே உடைந்துகொண்டிருந்த வேதனையில் அதன் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி எழுதியது. 1971இல் கூடப்பிறந்த அண்ணன் டாமே விலகிப் போனார். “உனக்கு யாருப்பா இதக் கொடுத்தது?” என்று கேட்டேன். “யூடியூப்ல தானா வந்துச்சு அங்கிள்” என்றான். இருக்கட்டும். எனக்குக் கொடுத்தவன் அவன்.

பட்டியல் போடுகிறவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் அதைக் கொடுத்தவரைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். வேப்பேரி, ராயபுரம், பரங்கிமலைப் பக்கம் கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர்கள், அங்கே லிஸ்ட் எழுதிக்கொடுத்துக் காத்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கட்டாயம் எழுதுங்கள். கையால் எழுதிய அந்தக் கேசட் அட்டை இன்னும் இருந்தால் போட்டோவும் போடுங்கள்.