சன்லைட் சோப்பும் 306 டோக்கன்களும்

2021-ல் நண்பன் ஒருவன் ராத்திரி பதினொரு மணிக்கு போன் போட்டு, "ஒரு குரங்குப் படம் வாங்கிப் போடு, அடுத்த வருஷம் வீடு கட்டிடலாம்" என்றான். பீப்பிள் என்ற அமெரிக்கரின் டிஜிட்டல் படத்தொகுப்பு கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.93 கோடி டாலருக்குப் போயிருந்த சமயம். எங்கு பார்த்தாலும் என்எஃப்டி பேச்சு. ஒரு டிஜிட்டல் படத்தைச் சுட்டி, அது யார் கையில் இருக்கிறது என்று இணையப் பேரேட்டில் பதியும் டோக்கன்தான் என்எஃப்டி. நான் வாங்கவில்லை. புத்திசாலித்தனம் எல்லாம் இல்லை, கையில் காசு இல்லை. அடுத்த வருஷம் விலைகள் தலைகுப்புற விழுந்தபோது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று பெருமை அடித்துக்கொண்டவர்களில் நானும் உண்டு.

அதனால் ஆப்பிரிக்கக் கலைஞர்களுக்கு பிளாக்செயின் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் அந்தப் பேரேடு) விடிவுகாலம் தரும் என்று யார் எழுதினாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். காங்கோவில் லுசாங்கா என்ற ஊரில் நடந்ததைப் படித்த பிறகு அப்படி நகர முடியவில்லை.

லுசாங்காவின் பழைய பெயர் லெவர்வில். சோப்பு முதலாளி வில்லியம் லெவர் பெயரில் வைத்தது. எங்கள் வீட்டில் துணிக் கல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் சன்லைட் கட்டி இருக்கும். அதே சன்லைட்காரர்தான். 1911-ல் பெல்ஜிய அரசு காங்கோவில் பெரும் நிலப்பரப்பை அவருக்குத் திறந்துவிட்டது, பனை எண்ணெய்க்காக. அது நம் ஊர்ப் பனை இல்லை, செம்பனை. குலை வெட்ட ஆள் வேண்டும். வரியும் கட்டாய வேலையுமாக மக்களைப் பிழிந்தார்கள். 1931-ல் பெண்டே மக்கள் பொறுத்தது போதும் என்று எழுந்தார்கள். மாக்சிமிலியன் பலோ என்ற பெல்ஜிய அதிகாரி கொல்லப்பட்டார். பதிலுக்கு நூற்றுக்கணக்கான பெண்டே மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செத்த அதிகாரியின் கோப ஆவி வெளியே போய்த் தீங்கு செய்யாமல் இருக்க, அவருடைய உருவத்தை மரத்தில் செதுக்கி அதற்குள் ஆவியை அடக்கி வைத்தார்கள். இதைப் படித்ததும் நம் ஊரில் முனியை ஆணி அடித்துக் கட்டி வைப்பதுதான் ஞாபகம் வந்தது.

அந்தச் சிலை 1972-ல் காங்கோவில் ஒரு அமெரிக்க ஆய்வாளர் கைக்குப் போனது. 2015-ல் அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்து வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகம் அதை வாங்கியது. லுசாங்காவின் தோட்டத் தொழிலாளர்கள் 2014-லேயே ஒரு கலைக்கூட்டமைப்பு தொடங்கியிருந்தார்கள். களிமண்ணில் உருவம் செய்வார்கள். அதை ஐரோப்பாவில் சாக்லேட்டில் வார்த்து விற்பார்கள், வரும் காசில் தோட்டத்துக்குப் பறிபோன நிலத்தைத் திரும்ப வாங்குவார்கள். தங்கள் தாத்தன்மார் செய்த சிலையைக் கொஞ்ச நாளாவது ஊருக்குக் கொடுங்கள் என்று அருங்காட்சியகத்தைக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. 2022 பிப்ரவரியில் அவர்களே சிலையின் படத்தை எடுத்து 306 என்எஃப்டிகளாக வெளியிட்டார்கள். ஒரு டோக்கன் விற்றால் ஒரு ஹெக்டேர் நிலம் என்பது கணக்கு. எங்கள் படத்தை அனுமதி இல்லாமல் எப்படி எடுக்கலாம் என்று அருங்காட்சியகம் கோபப்பட்டது. யாருடைய சிலை, யாருடைய படம், யாருக்குக் கோபம்!

டோக்கன் வாங்கியவருக்குச் சிலை கிடைக்காது. சட்டப்படி ஒரு உரிமையும் மாறவில்லை. ஆனால் இந்தச் சிலை எங்களுடையது என்ற வார்த்தை யாரும் அழிக்க முடியாத ஒரு பேரேட்டில் ஏறிவிட்டது, மண் வாங்க ஒரு வழியும் திறந்தது. டிஜிட்டல் கலையை இப்படிப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது.

அடுத்து எல்லோரும் சொல்லும் ராயல்டி. கானாவின் ஓவியர் அமோவாகோ போவாஃபோவின் மஞ்சள் நீச்சலுடைப் பெண் ஓவியம் 2019-ல் 22,500 டாலருக்கு விற்றது. 2020 பிப்ரவரியில் லண்டன் ஏலத்தில் அதே ஓவியம் 6,75,000 பவுண்டுக்குப் போனது, டாலரில் கிட்டத்தட்ட 40 மடங்கு. ஐரோப்பாவில் மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு தரும் சட்டம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கோடிக்கு விற்றாலும் உச்சவரம்பு 12,500 யூரோதான். அதுவும் அதே மாதிரிச் சட்டம் தன் நாட்டிலும் இருக்கும் வெளிநாட்டவருக்கு மட்டும். பல ஆப்பிரிக்க நாடுகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இதற்குத்தான் என்எஃப்டி மருந்து என்றார்கள்: ஒவ்வொரு கைமாற்றத்திலும் 10 சதவீதம் தானாகக் கலைஞருக்கு வந்துவிடும்.

தானாக எல்லாம் வராது. ராயல்டி விகிதத்தை ஸ்மார்ட் கான்ட்ராக்டில், அதாவது பிளாக்செயினில் ஓடும் நிரலில், எழுதி வைக்கலாம், ஆனால் பெரும்பாலான டோக்கன்களில் அதை வசூலித்துக் கொடுப்பது விற்பனைத் தளம்தான். கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. போட்டி முற்றியதும் பெரிய தளமான ஓபன்சீயே 2023 ஆகஸ்டில் ராயல்டியைக் கட்டாயமாக வசூலிப்பதைக் கைவிடுவதாக அறிவித்தது. இடைத்தரகரே இல்லை என்று சொல்லிச் சொல்லி விற்ற சரக்கில் இடைத்தரகர்தான் கடைசி வார்த்தை சொன்னார். ராயல்டியை நம்பி நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துப் பையன் ஒருவனை இதில் இறங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் ஆப்பிரிக்கக் கலைஞருக்கு உண்மையில் என்ன லாபம்? என் கணக்கில் முதல் லாபம் சாதாரணமானது: காசு வந்து சேர்வது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் எனக்கு அனுப்பிய சின்னத் தொகை, அந்தப் படிவம் இந்தப் படிவம் என்று மூன்று வாரம் அலைந்து வந்தது. நைஜீரியாவின் கதை இதைவிட மோசம். 2014-ல் அங்கே பேபால் என்ற இணையப் பணச் சேவை வந்தபோது பணம் அனுப்பலாம், வாங்க முடியாது. பல வருஷம் அப்படியே இருந்தது. வரைபவனுக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்? டிஜிட்டல் நாணயம் வைக்கும் கிரிப்டோ வாலட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதே நைஜீரியாவின் ஆபா நகரத்தில் பிறந்த ஓவியர் ஒசினாச்சி வரைவது மைக்ரோசாஃப்ட் வேர்டில். ஆமாம், நாம் லீவு லெட்டர் அடிக்கிற அதே வேர்டு. கேன்வாஸும் இல்லை, கேலரியும் இல்லை. அவருடைய படங்கள் என்எஃப்டியாக 2021 அக்டோபரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கே போய்விட்டன.

ஆனால் அதே 2021 பிப்ரவரியில்தான் நைஜீரிய மத்திய வங்கி, கிரிப்டோ வியாபாரக் கணக்குகளை மூடச் சொல்லி வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. 2023 டிசம்பரில்தான் தளர்த்தியது. நடுவில் வாலட்டில் இருக்கும் ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தை நைஜீரியப் பணமான நைராவாக மாற்ற, முகம் தெரியாத ஆளோடு நேரடியாகப் பேரம் பேச வேண்டிய நிலை. போதாததற்கு அந்த நாளில் எத்தேரியம் என்ற பிளாக்செயினில் ஒரு படம் ஏற்றவே ஐம்பது, நூறு டாலர் கட்டணம் கேட்கும். படம் விற்காவிட்டால் அது போச்சு. டெசோஸ் மாதிரி சில காசில் முடிகிற பிளாக்செயின் சங்கிலிகள் வந்த பிறகுதான் சின்னக் கலைஞர்கள் மூச்சு விட்டார்கள்.

ஆக, இதில் இறங்க நினைக்கும் தம்பி தங்கை யாராவது கேட்டால் விலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மலிவான சங்கிலியில் ஏற்று, வரும் காசை உடனே எடுத்து நிலையான ஒன்றாக மாற்று என்பேன். லுசாங்காக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். சிற்பம், டோக்கன் எல்லாம் சேர்ந்து 2024 வாக்கில் அவர்கள் கையில் சுமார் 200 ஹெக்டேர் நிலம் இருந்தது.

அதே 2024-ல் சிலையும் லுசாங்கா வந்தது, அசல் மரச்சிலை. வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் டச்சு அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை லுசாங்காவிலிருந்து நேரலையில்தான் பார்க்க முடிந்தது. இரவலாகத்தான் வந்தது, சில மாதங்களுக்கு மட்டும்.

அந்த நண்பன் போன வாரம் மறுபடி போன் போட்டான். இந்தத் தடவை ஏதோ நாய்க்குட்டிக் காயின்.